மழைக்காரியின் அத்தை மகன்

பாப்பிரெட்டிப்பட்டி டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்தபோது வந்த கோபத்துக்கு அதை வெளியே தூக்கி எறிந்திருப்பேன். புத்தகம் என் செல்போனுக்குள் இருந்தது. எறிந்தால் செல்போனும் சேர்ந்து போகும். பக்கத்தில் தக்காளிக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏதாச்சும் கெட்ட சேதிங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது பொய்யில்லை.

நாலு பாகம். வருடத்துக்கு ஒன்றாக, நாலு வருடம் காத்திருந்து ஆங்கிலத்தில் படித்த தொடர் அது. மழையைக் கூப்பிடும் வரம் வாங்கிய பதினேழு வயதுப் பெண் ஒருத்தி. அவள்மேல் உயிரை வைத்திருக்கும் ஒரு இளவரசன். அந்த வரத்தைப் பறித்துக்கொள்ளத் துடிக்கும் ராணி, அதாவது இளவரசனின் அம்மா. மழையை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குப் பழக்கிவிடும் சிநேகிதன் ஒருவன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கிற சமாச்சாரம் இது, கல்யாணமாகி எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துகிற நீ எதற்குப் படிக்கிறாய் என்று என் கணவர் முதல் பாகத்தின்போதே கேட்டார். செல்போனில் ஆள் சுடும் விளையாட்டு விளையாடிக்கொண்டே கேட்டதால் நான் பதில் சொல்லவில்லை.

முதல் மூன்று பாகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பெண் ஒரு தூறலைக் கூப்பிடவே ஒரு பாகம் முழுக்கக் கஷ்டப்பட்டாள். கைகளில் கொப்புளம் வரும், காதில் ரத்தம் வரும், மயங்கி விழுவாள். மூன்றாம் பாகத்தின் கடைசியில் ஒரு வறண்ட நாட்டின் எல்லையில் நின்று மூன்று நாள் மழையைக் கொட்டவைத்தாள். வெயிலில் வெந்துபோகிற நம் பக்கத்து ஆட்கள் அதை ஒரு தடவையோடு விட மாட்டார்கள். நான் மூன்று தடவை படித்தேன்.

கடைசிப் பாகத்தில் பாதிப் புத்தகம் வரைக்கும் எல்லோரும் ஒரு குகைக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். மூன்று பாகமாகக் கூடவே வந்த சிநேகிதன் ஒரே ஒரு வரியில் செத்துப்போகிறான், அதுவும் யாரோ வந்து சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. ஊரையே நடுங்கவைத்த ராணி படிக்கட்டில் கால் இடறி விழுந்து சாகிறாள். ஆற்றைப் பற்றி முதல் பாகத்தில் ஒரு கிழவி சொன்ன குறி என்ன ஆனது என்று எழுதியவருக்கே ஞாபகம் இல்லை. இளவரசனுக்கு அம்பு படுகிறது. அவன் உயிர் திரும்ப வேண்டும் என்றால் வரத்தைக் கொடு என்று ஒரு தெய்வம் கேட்கிறது. அந்தப் பெண் ஒரு பக்கம்கூட யோசிக்கவில்லை, கொடுத்துவிடுகிறாள். பிறகு பத்து வருடம் கழித்து என்று ஒரு அத்தியாயம். அரண்மனைத் தோட்டம், இரட்டைக் குழந்தைகள். நம் பெண் குடத்தில் தண்ணீர் மொண்டு ரோஜாச் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்த்து இளவரசன் சிரிக்கிறான். முற்றும்.

மழையைக் கூப்பிட்டவள் கையில் குடம். அந்தக் குடத்தை நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிந்தது. இது எனக்கு மட்டும் வந்த ஏமாற்றமாக இருந்தால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு மறந்திருப்பேன். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்த முடிவை நான் ஐந்து பெண்களுக்குச் சொல்லியாக வேண்டும். அதில் ஒருத்தியின் கல்யாணப் பேச்சு இந்தக் கதையோடு சிக்கிக்கொண்டிருந்தது. சிக்க வைத்ததும் நான்தான்.

நான் தர்மபுரி டவுனில் பிறந்து வளர்ந்து, சித்தேரி மலைக்குக் கீழே இருக்கும் ஒரு ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த முதல் வருடம் மாசி மாதத்தில், வரப்போரமாக நிற்கும் ஆறு புளிய மரங்களை உலுக்கிக் களத்தில் கொண்டுவந்து குவித்தார்கள். காய்ந்த புளியைத் தடியால் தட்டி ஓடு நீக்க வேண்டும். அப்போது சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அதன் பிறகு வட்டமாக உட்கார்ந்து நாரை உரித்து, சின்னக் கத்தியால் கீறிக் கொட்டையை எடுப்பார்கள். அது சத்தமில்லாத வேலை, முடிகிற வேலையும் இல்லை. ஒரு ஞாயிறு எங்கள் களத்தில் என்றால் அடுத்த ஞாயிறு எதிர்வீட்டுக் களத்தில். மாறி மாறிப் போய் உட்காருவது அங்கே வழக்கம்.

எனக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது. இரண்டு விரலில் கீறிக்கொண்ட பிறகு என் மாமியார் என் கையிலிருந்து கத்தியை வாங்கி வைத்துவிட்டு, "உனக்கு இதெல்லாம் வராது கண்ணு. நீ ஏதாச்சும் பேசிக்கிட்டு இரு" என்றார். அது கரிசனமா குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பேசு என்றால் என்ன பேசுவது. அந்த வாரம் முதல் பாகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல ஆரம்பித்தேன்.

கேட்டவர்கள் ஐந்து பேர். மாமியார், நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த என் நாத்தனார், வீட்டில் கன்னடம் பேசும் எதிர்வீட்டு அக்கா, பக்கத்துத் தெருவிலிருந்து வரும் அக்கா தங்கை இரண்டு பேர். மழை வரம் என்றதுமே எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இந்தப் பக்கத்தில் மழை என்று சொன்னால் தூங்குகிறவர்கள்கூட எழுந்து உட்காருவார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் காட்டுக்குள் இளவரசனைப் பார்க்கிற இடம் வந்தது. அவன் குதிரையில் அவள் ஏறிக்கொள்கிறாள்.

"அவன் அவளுக்கு என்ன முறை ஆவணும்?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார்.

"முறையெல்லாம் இல்லைங்க்கா. காட்டுலதான் மொதல்ல பாக்கறாங்க."

"யாரு எவருன்னு தெரியாதவன் குதிரையில ஏறிக்கிட்டாளா?" என்றார் மாமியார்.

"அவன் இளவரசனுங்க அத்தை."

"இருக்கட்டுமே. யாரு வூட்டுப் பையன்?"

கத்திகள் நின்றுவிட்டன. ஐந்து பேரும் என்னையே பார்த்தார்கள். இதற்கு மேல் அந்தப் பெண் குதிரையில் ஒரு அடிகூட நகர முடியாது என்று எனக்குப் புரிந்தது. எம்.ஏ. இலக்கியம் படித்தபோது கதாநாயகனுக்கும் கதாநாயகிக்கும் என்ன முறை என்று எந்தப் பேராசிரியரும் என்னைக் கேட்டதில்லை. "அவளோட அத்தை மவனுங்க. சின்ன வயசுல பிரிஞ்சிட்டாங்க. ரெண்டு பேருக்கும் அது தெரியாது" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கத்திகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. "அதான பாத்தேன்" என்றார் எதிர்வீட்டு அக்கா.

ஒரு பொய் சொன்னால் அதற்கு வேலி கட்டப் பத்துப் பொய் வேண்டும். சிநேகிதன் வந்ததும் அவன் யார் என்று கேட்டார்கள். அவன் பாட்டுக்கு இரவும் பகலும் அவளோடு மலையில் சுற்றுகிறவன், எனவே அவனைப் பெரியப்பா மகன் ஆக்கினேன். அண்ணன் முறை ஆகிவிட்டதால் யாரும் அவனைப் பற்றி மேற்கொண்டு கேட்கவில்லை. இரண்டாம் பாகத்தில் ராணி வந்தாள். இளவரசனின் அம்மா என்றால் அந்தப் பெண்ணுக்கு அத்தை. சொந்த அத்தையே ஏன் அண்ணன் மகளைக் கொல்லப் பார்க்கிறாள் என்று கேட்டதற்கு, பாகப்பிரிவினைத் தகராறு என்று சொல்லிவிட்டேன். அதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலப் புத்தகத்தில் நூறு பக்கம் எழுதியும் எனக்குச் சரியாகப் பிடிபடாத அந்த ராணியின் ஆத்திரம், கிணற்றுக்கும் வரப்புக்கும் கோர்ட்டுக்குப் போய்வந்த அந்தப் பெண்களுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. நான் என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கதையில் அத்தை விஷம் வைக்கிற இடம் வந்தபோது எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள், அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த வீட்டில் நான் அந்நியம் இல்லை என்று முதன்முதலில் தோன்றியது அன்றைக்குத்தான்.

நாத்தனாருக்கு மட்டும் விஷயம் தெரியும். விடுதியிலிருந்து வரும்போதெல்லாம் என் செல்போனை வாங்கி அங்கங்கே படிப்பாள். "ஏன் அண்ணி, புக்குல அவங்க ரெண்டு பேரும் வேற வேற நாடுன்னு போட்டிருக்குது" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அப்போது அது எங்கள் இரண்டு பேருக்கும் விளையாட்டாக இருந்தது.

மூன்றாம் வருடம் அது விளையாட்டாக இல்லை. அவளுக்கு நிஜமாகவே ஒரு அத்தை மகன் உண்டு. என் மாமனாரின் தங்கை மகன், ஏரியூரில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறான். நல்ல பையன். குடி கிடையாது, வம்பு கிடையாது, பெரியவர்களைப் பார்த்தால் எழுந்து நிற்பான். அவனிடம் ஒரு குறை கண்டுபிடித்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். படிப்பு முடிந்ததும் அவனுக்குத்தான் அவள் என்பது பேசாமலே முடிவான விஷயம். வேலைக்கு அனுப்ப மாட்டோம் என்பதும் அப்படியே. நாத்தனாருக்கு அவன்மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. அவளுக்கு வேலை வேண்டும், அவ்வளவுதான். தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சி எடுத்த ஆறு மாதத்தைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். நரம்பு கிடைக்காத ஒரு கிழவரின் கையில் அவள் ஒரே தடவையில் ஊசி ஏற்றியதை நான் ஏழெட்டுத் தடவை கேட்டிருக்கிறேன்.

அந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று நாள் மழை கொட்டிய இடத்தை நான் சொல்லி முடித்ததும், மாமியார் மகளைப் பார்த்து, "பாரு, மழையையே வர வெக்கிற பொண்ணு. அதுவே அத்தை மவன்தான் வேணும்னு நிக்கிது. உனக்கு என்னடி கேடு" என்றார். அக்கா தங்கை இரண்டு பேரும் ஆமாம் போட்டார்கள். எதிர்வீட்டு அக்கா, "சொந்தத்த வுட்டா அவளுக்கு யாரு இருக்கறாங்க" என்றார். நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் புளியங்கொட்டையை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் மாடியில் துணி எடுக்கும்போது பிடித்துக்கொண்டாள். "நீங்க ஏத்தி வுட்டது அண்ணி. ரெண்டு வருசமா அவன் அத்தை மவன், அத்தை மவன்னு கேட்டுக் கேட்டு, அந்தக் குதிரைக்காரனுக்கே இவன் மூஞ்சிய வெச்சிட்டாங்க. இப்ப நான் வேணாம்னு சொன்னா, அவங்க கதையவே நான் கெடுக்கற மாதிரி பாக்கறாங்க."

"கடைசி பாகம் வரட்டும். அவ அந்த வரத்த வுடவே மாட்டா. கல்யாணம் பண்ணிக்கிட்டாலும் மழைக்காரியாத்தான் இருப்பா. மூணு பாகமும் அங்கதான் போய்க்கிட்டு இருக்குது. அதக் கேட்டா இவங்க வாய் தானா அடங்கும்" என்றேன். வெறும் ஆறுதலுக்குச் சொல்லவில்லை, முழுசாக நம்பினேன். இத்தனை கஷ்டப்பட்டு ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டவள் அதை விட்டுவிடுவதுபோல யார் எழுதுவார்கள் என்று நம்பினேன். பரீட்சைக்குப் படிக்கிறவள்போல அவளும் என் வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

நான்காம் வருடம் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தன. படிப்பு முடிந்து அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து வேலைக்கான கடிதம் வந்தது. ஏரியூரிலிருந்து பூ வைக்க நாள் பார்க்கலாமா என்று சொல்லி அனுப்பினார்கள். களத்தில் புளி காய்ந்தது. புத்தகமும் வெளியானது. பஸ்ஸில் அதைப் படித்து முடித்தேன், மேலே சொன்ன மாதிரி.

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் நடந்ததைச் சொன்னேன். துக்கம் சொல்வதுபோலத்தான் சொன்னேன். அவள் முழுதும் கேட்டுவிட்டு, "மாத்திச் சொல்லிருங்க அண்ணி" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "முடிவ எப்படி மாத்தறது? அது எழுதினவங்களோடது" என்றேன்.

"முறைய மட்டும் மாத்தலாம், முடிவ மாத்தக்கூடாதா?"

பெரியப்பா மகனையும் பாகப்பிரிவினையையும் உள்ளே நுழைத்தபோது எழுதினவர் எனக்கு ஞாபகம் வரவில்லை. சரி, மாற்றிச் சொல்கிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டேன். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் பஸ்ஸில் உட்கார்ந்து வேறு முடிவு யோசித்தேன். தெய்வம் வரத்தைக் கேட்கும், இவள் மாட்டேன் என்பாள், மழை பெய்யும், மழையில் இளவரசன் கண் விழிப்பான். எழுதியவர் எழுதியதைவிட என் முடிவு நன்றாகவே இருந்தது. நிஜமாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் களம். ஐந்து பேரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். கடைசி நாள் என்பதால் எதிர்வீட்டு அக்கா முறுக்கு கொண்டுவந்திருந்தார். நான் சொல்ல ஆரம்பித்தேன். குகையைச் சொன்னேன். சிநேகிதன் செத்ததைச் சொன்னபோது, "அண்ணங்காரன் போயிட்டானா, எப்படிச் செத்தான்?" என்று கேட்டார்கள். எப்படி என்று புத்தகத்தில் இல்லை. அப்போதே எனக்குள் பழைய கோபம் கிளம்பிவிட்டது. ராணி படிக்கட்டில் விழுந்ததைச் சொன்னேன். "விழுந்தா செத்தா? அவ்வளவுதானா?" என்று மாமியார் கேட்டார். "அவ்வளவுதாங்க அத்தை" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அம்பு பட்டது. தெய்வம் வந்தது. இந்த இடத்தில்தான் நான் என் முடிவுக்குத் திரும்ப வேண்டும். நாத்தனார் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பவில்லை. என்ன சொல்வது, எனக்கு ஆத்திரம். நாலு வருடம் என்னை ஏமாற்றிய எழுத்தாளரைக் காப்பாற்றி, அவர் எழுதாத நல்ல முடிவை அவர் பெயரில் ஐந்து பேருக்குக் கொடுப்பதற்கு எனக்கு மனசு வரவில்லை. நான் எரிந்த மாதிரி இவர்களும் எரியட்டும் என்று தோன்றிவிட்டது. "குடுத்துட்டா. ஒரு வார்த்த யோசிக்காம மழைய குடுத்துட்டா" என்றேன். தோட்டத்தைச் சொன்னேன், இரட்டைக் குழந்தைகளைச் சொன்னேன், குடத்தைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இன்னொன்னு. அவன் அத்தை மவனே இல்ல. புத்தகத்துல அவன் யாரோ ஒருத்தன். நீங்க கேட்டீங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றும் சொன்னேன்.

நாத்தனார் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு உறைத்தது. ஒரு புத்தகத்தின் மேல் இருந்த கோபத்தை அந்தப் பெண்ணின் தலையில் இறக்கிவிட்டேன்.

முறை பொய் என்பதற்குத்தான் சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எதிர்வீட்டு அக்கா மட்டும், "நாலு வருசமா யாரோ ஒருத்தனுக்கா நான் சாமி கும்பிட்டேன்" என்று கேட்டுவிட்டுக் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தார். மாமியார் அதைக் காதில் வாங்கவே இல்லை. "எனக்குத் தெரியும். அந்த நாட்டுல ஏது அத்தை, ஏது மாமன். மொத வருசமே தெரியும்" என்றார்.

"தெரிஞ்சா ஏங்க அத்தை ஒண்ணும் சொல்லல?"

"வசதியா இருந்துச்சு, வெச்சிக்கிட்டேன்" என்றார், முகத்தில் ஒரு சுணக்கமும் இல்லாமல். பிறகு கையிலிருந்த புளியைத் தட்டில் போட்டார். "அது கெடக்கட்டும். மழைய எதுக்குக் குடுத்தா?"

"அவன் உயிருக்குங்க."

"அதுக்கு? மழ பேஞ்சா எத்தன உசுரு பொழைக்கும். அவ கூப்புட்ட ஊருல இப்ப யாரு மழையக் கூப்புடுவாங்க?" என்று என்னைக் கேட்டார், நான் கொடுத்துவிட்டு வந்த மாதிரி. மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலைக்கு நாலு பாகம் எதற்கு, அதை நாங்கள்கூடச் செய்கிறோமே என்றார் பக்கத்துத் தெரு அக்கா. வெவரங்கெட்டவள் என்றார் தங்கை. முறுக்கை யாரும் தொடவில்லை. நான் நினைத்த மாதிரியே ஐந்தில் நாலு பேர் எரிந்தார்கள். எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை, உள்ளே சாத்திய கதவுதான் கண்ணில் நின்றது.

அன்று நானும் நாத்தனாரும் பேசிக்கொள்ளவில்லை. சோறு போடும்போது, "ஓசூர் கடிதத்துக்கு அடுத்த திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்" என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டால் அவள் இன்னும் தூரம் போய்விடுவாள் என்று தோன்றியது. அதனால் அதையும் கேட்கவில்லை. மாமியாரோ, கதையில் வருகிறவளைத் திட்டிய அதே வாயால் மறுநாள் காலை ஏரியூருக்குப் போன் செய்து, புதன்கிழமை வரச் சொன்னார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மழைக்காரிக்காக அவ்வளவு கோபப்பட்டவருக்குத் தன் வீட்டுக்குள் நடப்பது தெரியவில்லையே என்று பொருமினேன். என் கணவரிடம் சொன்னேன். "கதைய கதையா பாரு" என்றார்.

புதன்கிழமை ஏரியூர்க்காரர்கள் வந்தார்கள். நாத்தனாரின் அத்தை, அவர் கணவர், அந்தப் பையன். பையன் எங்களைப் பார்த்ததும் வழக்கம்போல எழுந்து நின்றான். நாத்தனார் உள் அறையில் இருந்தாள், நான் வாசற்படியில் நின்றிருந்தேன். நலம் விசாரிப்பு எல்லாம் முடிந்து காபி வந்தது. "படிச்ச புள்ள, எங்களுக்குச் சந்தோசம்தான். வேலைக்குக்கீலைக்குப் போறதெல்லாம் மட்டும் வேணாம். அத வுட்டுட்டு வந்துட்டா போதும், ராணி மாதிரி வெச்சிக்கறோம்" என்றார் அந்த அத்தை. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார்.

காபித் தட்டோடு நின்றிருந்த மாமியார், "வுட்டுட்டு வரச் சொல்லாதீங்க" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமனார், "நீ சும்மா இரு" என்றார்.

"சும்மாதான் இருந்தேன் இத்தன நாளும்." அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஏரியூர்க்காரர்கள் பக்கம் திரும்பினார். "உங்க பையனுக்குக் குடுக்கறதுல எனக்கு ஒரு மறுப்பும் இல்லைங்க. ஆனா அவ கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டது அது. அவ வேலைக்குப் போவா. சரின்னா இன்னைக்கே பூ வெச்சிக்கலாம்."

பூ வைக்கவில்லை. கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். காபியில் பாதி டம்ளரிலேயே இருந்தது. கூடப் பிறந்த தங்கையை வீட்டில் வைத்தே அவமானப்படுத்திவிட்டாள் என்று மாமனார் மாமியாரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். பங்குனி முடிகிற வரை, சோறு வேண்டும் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார். திங்கட்கிழமை நாத்தனார் ஓசூர் பஸ் ஏறினாள். என்னிடம் வந்து, "அண்ணி, உங்கள இன்னும் மன்னிக்கல, போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினாள். ஏரியூரிலிருந்து இந்த நிமிடம் வரை பதில் வரவில்லை. அந்தப் பையன் மட்டும் ஒருநாள் அவளுக்குப் போன் செய்து, ராத்திரி ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டானாம். எதற்குக் கேட்டான் என்று அவளுக்கும் தெரியவில்லை.

அவள் போன மறுவாரம், எடுத்த புளியை உப்புப் போட்டுப் பானையில் அடைத்துக்கொண்டிருந்தோம், நானும் மாமியாரும் மட்டும். எனக்குக் கோபம் அடங்கவில்லை. எழுதினவரை அப்போதும் மன்னிக்கவில்லை, இப்போதும் இல்லை. "எப்படிங்க அத்தை அந்த மழைக்காரிக்கு மனசு வந்துச்சு, ஒரு பக்கம்கூட யோசிக்காம" என்று மறுபடி ஆரம்பித்தேன்.

அவர் புளியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே, "அவளோட ஆத்தா எங்க?" என்று கேட்டார்.

"செத்துட்டாங்க. மொதல் பாகத்துல மொதல் பக்கத்துலயே."

"நீ சொல்லவே இல்லயே."

"கதைக்கு அவசியமில்லைன்னு வுட்டுட்டேன்."

அவர் பானைக்குள் கையை விட்டு இன்னும் ஒரு அடுக்கு அழுத்தினார்.

"அத்தைய வெச்ச, அத்தை மவன வெச்ச, பெரியப்பன் மவன வெச்ச. ஆத்தாள மட்டும் வுட்டுட்ட. அவ இருந்திருந்தா, குடுக்க வுட்டிருப்பாளா?" என்றார். பிறகு, "அந்த உப்ப எடு" என்றார்.

உப்பை எடுத்துக் கொடுத்தேன்.